மெக்ரிச்சியா, புக்கிட் தீமாவா, சதர்ன் ரிட்ஜஸா? சிங்கப்பூர்ல முதல் தடவ காட்டுல நடக்க எங்க போறது, பாறை ஏறணும்னா எப்படி ஆரம்பிக்கிறது

தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனப்ப முறுக்குத் தட்ட கையில வச்சிக்கிட்டே அண்ணி கேட்டாங்க, "நீதான் காடு மேடுன்னு சுத்துறியே, என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போயேன், எங்க போனா எனக்கு ஒத்து வரும்?" அண்ணிக்கு 46 வயசு, நாள் பூரா உக்காந்து பாக்குற வேலை, வலது முட்டி மட்டும் மழைக்கு முன்னாடி வானிலை அறிக்கை வாசிக்கும். பக்கத்துல அவங்க பையன், பாலிடெக்னிக் முடிச்சிட்டு என்எஸ், அதான் கட்டாய ராணுவ சேவை, அந்த லெட்டருக்கு வெயிட்டிங், ஃபோன்லேர்ந்து தலைய தூக்காமலே "அத்தை, நடக்குறதெல்லாம் போர், எனக்கு கிளைம்பிங்தான், போல்டரிங்கா கயிறு கட்டி ஏறுறதான்னு மட்டும் சொல்லுங்க"ன்னான். ரெண்டு பேருக்கும் அங்கயே பதில் சொல்ல ஆரம்பிச்சேன், பாதியில சாப்பாடு வந்துடுச்சு, அதான் முழுசா இங்க எழுதுறேன், இதே கேள்விய ஆபீஸ்லயும் நாலு பேரு கேட்டுட்டாங்க.

எங்க போறதுன்னு கேட்டா எல்லாரும் எத்தன கிலோமீட்டர், எவ்ளோ ஒசரம், ஃபோட்டோ நல்லா வருமான்னுதான் ஒப்பிடுவாங்க. நான் மொதல்ல பாக்குறது வேற, பாதியில முடியலன்னா எங்க கழண்டுக்கிறது? பஸ் ஸ்டாப் எவ்ளோ தூரத்துல இருக்கு? மொத தடவ போறவங்களுக்கு தன் ஒடம்பு எந்த எடத்துல மக்கர் பண்ணும்னே தெரியாது, தெரியாத ஆளு தெரியாத காட்டுல நடுவுல போய் மாட்டிக்கக்கூடாது, அவ்ளோதான் கணக்கு. இது நான் மாட்டுனதுனாலதான் தெரியும்.

2017லன்னு நெனைக்கிறேன், ஆபீஸ் ஃபிரண்ட்ஸ் கூட மெக்ரிச்சி நீர்த்தேக்கத்த சுத்தி இருக்குற காட்டுல ஃபுல் லூப். அலமாரியில ரொம்ப வருஷமா பத்திரமா வச்சிருந்த ஷூவ தூசி தட்டி போட்டுக்கிட்டு போனேன், பாக்க புதுசு மாதிரியே இருந்துச்சு. ட்ரீடாப் வாக் பாலம் தாண்டி எறங்குற படியில வலது கால்ல ஏதோ நாக்கு மாதிரி டப் டப்னு அடிக்குது, குனிஞ்சு பாத்தா அடிப்பாகம் முன்பக்கம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. இன்னும் கொஞ்ச தூரத்துல இடது காலும் அதே கதை. ஒரு பொண்ணு தலைமுடி ரப்பர் பேண்ட் ரெண்டு குடுத்தா, அதுல ஒண்ண ஷூ முனையில மாட்டி, இன்னொரு கால பை வாரால கட்டி, வாத்து மாதிரி நடந்துதான் ரிசர்வாயர் வரைக்கும் வந்தேன், நடுவுல வெளிய போற வழியே கெடையாது, டாக்சி கூப்புட ரோடு இருந்தாதான கூப்புட முடியும். ஷூ போட்டே தேய்ஞ்சிருந்தா இப்படி ஆகியிருக்காது. நிறைய ஷூக்கு நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரை, நம்ம ஊரு காத்துல இருக்குற ஈரம் வருஷக்கணக்குல அதுக்குள்ள போய் அத உதுந்து போற பண்டமாக்கிடும், போடாம வச்சாலும் கெடும், சொல்லப்போனா போடாம மூடி வச்சாதான் இன்னும் சீக்கிரம் கெடும். அதனால அலமாரி ஷூ எதுவா இருந்தாலும் கெளம்புறதுக்கு மொத நாளு கையால வளைச்சுப் பாருங்க, கட்ட வெரலால அடிப்பாகத்த அழுத்தி இழுத்துப் பாருங்க, தூள் கொட்டுனா நேரா குப்பைத்தொட்டி.

ஷூ பேச்சு வந்துட்டதால அதையும் முடிச்சிடுறேன். கணுக்கால மூடுற பெரிய ஹைக்கிங் பூட்ஸ் சிங்கப்பூர்ல மொத தடவைக்கு தேவையே இல்ல, கனம், சூடு, உள்ள வேர்த்து ஊறிடும். நீங்க தினமும் போடுற ரன்னிங் ஷூ போதும், அடியில பள்ளம் மிச்சம் இருக்கணும், வழுவழுன்னு தேஞ்சிருந்தா ஈர வேர் மேல கால் வச்சதும் தரையில உக்கார வச்சிடும். வாரா வாரம் போக ஆரம்பிச்சப்புறம் ட்ரெயில் ஷூ வாங்கிக்கலாம். இன்னொண்ணு இருக்கு, மலேசியாவுல அடிடாஸ் கம்போங்னு சொல்லுவாங்க, முழுக்க ரப்பர்ல வார்த்த கறுப்பு ஷூ, அடியில முள்ளு முள்ளா இருக்கும், அந்த கம்பெனிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சும்மா கிண்டலுக்கு வச்ச பேரு. தோட்டத்துல பால்மரம் வெட்டப் போறவங்க போட்டுக்கிட்டது, எங்க தாத்தாவும் அதத்தான் போட்டாரு, இப்ப அங்க மலைக்கு கூட்டிட்டுப் போற கைடுங்க பாதிப் பேரு கால்ல அதான். சேத்துல அதுக்கு ஈடே கெடையாது, விலையும் ரொம்ப கம்மி. ஆனா மெத்தன்னு ஒண்ணும் இருக்காது, நம்மூரு தார் ரோட்டுலயும் பலகைப் பாதையிலயும் நடந்தா குதிகால் கத்தும். ஜோகூர் மலைக்கு போகும்போது வாங்கிக்கங்க, இங்க வேணாம்.

சரி, எடத்துக்கு வருவோம். புக்கிட் தீமா, 163.63 மீட்டர், சிங்கப்பூர்லயே ஒசரமான மலை, டக்ஸ்டன்ல இருக்குற பினக்கிள் புளோக்கு 156 மீட்டர், அப்ப கிட்டத்தட்ட நம்ம ஒசரமான மலையும் ஒரு எச்டிபி அடுக்குமாடி புளோக்கும் ஒரே சைஸ்தான், அதுவும் மலைக்கணக்கு கடல் மட்டத்துலேர்ந்து, நாம ஏற ஆரம்பிக்கிற எடமே கொஞ்சம் மேலதான். பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டியில எறங்கி நடந்து போயிடலாம், காலையில 7 மணியிலேர்ந்து சாயங்காலம் 7 வரைக்கும்தான் தெறந்திருக்கும். விசிட்டர் சென்டர்லேர்ந்து உச்சிக்கு தார் ரோடே போகுது, மெதுவா போனா முக்கா மணி. கேக்க ஈசியா இருக்கும், அங்கதான் ஏமாந்துடுவோம், ஏன்னா அந்த ரோடு எடுத்த எடுப்புலயே செங்குத்தா நிமிரும், வார்ம் அப் பண்ண நேரமே குடுக்காது, அஞ்சு நிமிஷத்துல காது வரைக்கும் நெஞ்சு அடிக்கும். பக்கத்துல ஒரு அங்கிள் முதுகுல பெரிய பைய மாட்டிக்கிட்டு மூணாவது ரவுண்டு போயிட்டிருப்பாரு, அவரு மலேசியாவுல இருக்குற கினபாலு மலைக்கு ட்ரெயினிங்ல இருப்பாரு, அவரோட போட்டி போடாதீங்க. மேல போனா ஒரு பாறையில ஒசரத்த எழுதி வச்சிருப்பாங்க, கூட நின்னு ஒரு ஃபோட்டோ, அவ்ளோதான், சுத்தி மரம், கடலும் தெரியாது ஊரும் தெரியாது.

புக்கிட் தீமாவோட பெரிய ப்ளஸ், எந்த நிமிஷமும் திரும்பலாம், திரும்புனா எறக்கம். பெரிய மைனஸும் அந்த எறக்கம்தான். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், எறங்கும்போது முட்டி வாங்கும், ஒவ்வொரு அடிக்கும் ஒடம்பு வெயிட்ட தொடை பிடிச்சு நிறுத்தணும், பழக்கமில்லாத தொடை அடுத்த நாள் டாய்லெட்ல உக்கார விடாது, சிரிக்காதீங்க நெஜம். எறக்கத்துல சின்னச் சின்ன அடியா, முட்டிய லேசா மடக்கி, கொஞ்சம் குறுக்கால வளைஞ்சு வளைஞ்சு எறங்கணும். கால் நகத்த மொத நாளே வெட்டிடுங்க, இல்லன்னா ஷூ முனையில இடிச்சு இடிச்சு கட்டை வெரல் நகம் கறுத்துடும்.

மெக்ரிச்சி வேற மாதிரி. ரிசர்வாயர் 1868லயே கட்டுனது, நம்ம நாட்டுல இருக்குறதுலயே பழசு, ஃபுல் லூப் பத்து பதினோரு கிலோமீட்டர், நடுவுல ட்ரீடாப் வாக், 250 மீட்டர் நீளத்துக்கு தொங்கு பாலம், காட்டுத் தரையிலேர்ந்து 25 மீட்டர் ஒசரம் வரைக்கும் போகுது, நடக்கும்போது லேசா ஆடும், கீழ மரத்தோட தலைதான் தெரியும். காட்டுக்குள்ள இருக்கோம்னு ஒரு உணர்ச்சி வேணும்னா இதுக்கு மேல இந்த ஊர்ல கெடைக்காது, எனக்கு ரொம்பப் பிடிச்ச எடமும் இதான். ஆனா மொத தடவைக்கு நான் இத சொல்ல மாட்டேன். பாலம் ஒன்வே, நடுவுல பயந்து திரும்ப முடியாது. திங்கக்கெழம மூடிடுவாங்க, அது தெரியாம அவ்ளோ தூரம் நடந்து போய் பூட்டுன கதவப் பாத்துட்டு வந்தவங்க எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேரு, பராமரிப்புன்னு வேற அப்பப்ப மூடுவாங்க, அதனால என்பார்க்ஸ், அதான் தேசிய பூங்காக் கழகம், அவங்க வெப்சைட்ட காலையில ஒரு தடவ பாத்துட்டு கெளம்புங்க. எல்லாத்துக்கும் மேல, கழண்டுக்கிற வழி இல்ல. பாலத்துக்கிட்ட ரேஞ்சர் ஸ்டேஷன்ல டாய்லெட் இருக்கு, தண்ணி இருக்கு, அத விட்டா வந்த வழியிலயோ போற வழியிலயோ கிலோமீட்டர் கணக்குல நடந்துதான் ஆகணும். பாலம் மட்டும் பாக்கணும்னா வீனஸ் டிரைவ் பக்கம் ஆரம்பிங்க, தூரம் நல்லாவே கொறையும்.

கொரங்கு பத்தி இங்கயே சொல்லிடுறேன், புக்கிட் தீமாவுக்கும் இதே கதைதான். அதுங்களுக்கு பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டா போதும், உள்ள என்ன இருக்குன்னு பாக்காது, பைய பாத்தாலே சாப்பாடுன்னு முடிவு பண்ணிடும். எல்லாத்தையும் முதுகுப் பைக்குள்ள போட்டு ஜிப்ப மூடுங்க, கையில எதுவும் வேணாம். கிட்ட வந்தா பல்ல காட்டி சிரிக்காதீங்க, அதுக்கு அது சண்டைக்கு கூப்புடுற மாதிரி, கண்ணையும் பாக்காம மெதுவா நகந்துடுங்க. பாவம்னு ஒரு வாழைப்பழம் நீட்டுனீங்கன்னா காட்டு விலங்குக்கு தீனி போட்டதுக்கு மொத தடவையே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம் போடலாம், ஆஞ்சநேயர்னு சொன்னா கேக்க மாட்டாங்க.

அடுத்தது சதர்ன் ரிட்ஜஸ். மவுண்ட் ஃபேபர், தெலுக் பிளாங்கா மலை, ஹார்ட்பார்க், கென்ட் ரிட்ஜ், லேப்ரடார்னு சேத்து 10 கிலோமீட்டர். காடு பிரியருங்க இத மூக்க சுளிச்சுக்கிட்டுப் பேசுவாங்க, இது பார்க்குதானே, சிமெண்டும் இரும்பும்தானேன்னு. அதே சிமெண்டும் இரும்பும்தான் புதுசா வர்றவங்கள காப்பாத்துது. ஹார்பர்ஃப்ரண்ட் எம்ஆர்டியிலேர்ந்து வெளிய வந்ததும் மராங் ட்ரெயில், மரத்துக்கு நடுவுல படி, படி, படி, மொத்த வழியிலயும் நல்லா மூச்சு வாங்குறது அந்த கால் மணி நேரம்தான், பத்துமலையில 272 படி ஏறுனவங்களுக்கு இது புதுசில்ல. நான் இத பிடிச்சிக்கிட்டதுக்கு காரணமே இதான், கஷ்டம் மொதல்லயே வருது, முடியலன்னா எம்ஆர்டி முதுகுக்குப் பின்னாடியே இருக்கு, திரும்பி கீழ வந்து ஒரு தே ஓ குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடலாம், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அது முடிஞ்சிட்டா அப்புறம் ஹெண்டர்சன் வேவ்ஸ், ரோட்டுக்கு மேல 36 மீட்டர் ஒசரத்துல 274 மீட்டர் மரப்பலகைப் பாலம், அலை மாதிரி வளைஞ்சு, அந்த வளைவுக்குள்ளயே உக்கார எடம். அதுக்கப்புறம் ஃபாரஸ்ட் வாக், இரும்பு கம்பி வலை போட்ட பாதை, படியே கெடையாது, சக்கர நாற்காலியே போற அளவுக்கு சாய்வா வளைஞ்சு வளைஞ்சு எறங்கும், அதனால முட்டிக்கு சாமி குடுத்த வரம். ஒரே விஷயம், வலை வழியா காலுக்கு கீழ மரமும் தரையும் தெரியும், ஒசரம் ஆகாதவங்களுக்கு வயிறு கொஞ்சம் கலக்கும், தூரத்த பாத்து நடந்தா சரியாயிடும். அலெக்ஸாண்ட்ரா ஆர்ச் வந்தா கீழ ரோடு, பஸ்ஸு, அங்கயே முடிச்சிக்கலாம், இல்ல ஹார்ட்பார்க்ல உக்காந்து ரெஸ்ட் எடுத்துட்டு கென்ட் ரிட்ஜ் வரைக்கும் போகலாம். ஒவ்வொரு மலைக்கு நடுவுலயும் ஒரு பெரிய ரோடு குறுக்க போகுது, ஒவ்வொரு ரோடும் ஒரு எக்சிட்டு.

ரெயில் காரிடார், மலேசிய ரயில் 2011 ஜூன் 30 வரைக்கும் ஓடுன பழைய தண்டவாளப் பாதை, தஞ்சோங் பகார்லேர்ந்து உட்லண்ட்ஸ் வரைக்கும் 24 கிலோமீட்டர், தட்டை, ஏத்தமே இல்ல. அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போறதுன்னா இதான், கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி பக்கம் பழைய புக்கிட் தீமா ஸ்டேஷன் இருக்கு, அங்கேர்ந்து மனசுக்கு தோணுற வரைக்கும். நெழல் இல்லாத எடம் நெறைய, சைக்கிள்காரங்களுக்கு ஒதுங்கணும், மலை ஏற பழகணும்னா இதுல ஒண்ணும் பழக முடியாது. புலாவ் ஊபின் ஒரு நாள் டூருக்கு ரொம்ப நல்லாருக்கும், சாங்கி பாயிண்ட்ல 12 பேரு சேந்தா படகு எடுப்பாங்க, ஆனா அது பிக்னிக், ஹைக்கிங் கணக்குல சேக்க மாட்டேன்.

அப்ப அண்ணிக்கு, மொதல்ல சதர்ன் ரிட்ஜஸ், ஹார்பர்ஃப்ரண்ட்லேர்ந்து அலெக்ஸாண்ட்ரா ஆர்ச் வரைக்கும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு புக்கிட் தீமா, நல்லா மெதுவா. மெக்ரிச்சி அதுக்கப்புறம். அண்ணி இதக் கேட்டதும் "பத்து கிலோமீட்டரா, ஐயோ நான் எங்க"ன்னாங்க. நான் சொன்னேன், அது முழு தூரம், நாம ஆர்ச்சோட முடிச்சிக்கிறோம், தைப்பூசத்துக்கு பால்குடம் தூக்கிக்கிட்டு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு வரைக்கும் வெறுங்கால்ல வந்தது யாரு அண்ணி, அதுவும் வரிசையில நின்னு நின்னு, வெயில்ல, சாப்பிடாம. அந்த கஷ்டத்துக்கு இது பாதி கூட இல்ல. வயசு இருவது முப்பதுல இருக்கு, வாரத்துக்கு ரெண்டு நாளாவது ஜிம்முக்கோ ஃபுட்பாலுக்கோ போறவரு, அப்ப வரிசைய மாத்திக்கங்க, நேரா புக்கிட் தீமாவுலயே ஆரம்பிக்கலாம். தனியா போறவங்களா இருந்தா மறுபடியும் சதர்ன் ரிட்ஜஸ்தான், எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும், ஃபோன் சிக்னலும் இருக்கும்.

காலையா சாயங்காலமான்னும் ஒரு சண்டை எப்பவும் நடக்கும். எனக்கு காலைதான். சாயங்காலம் போனா வெயில் கம்மிதான், ஆனா நம்ம ஊர்ல இடி மின்னல் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் கூடும், ஏப்ரல் மே, அப்புறம் அக்டோபர் நவம்பர்ல சொல்லவே வேணாம், வருஷத்துல சராசரியா 168 நாள் இடி கேக்குற ஊரு இது. போதாததுக்கு காட்டுக்குள்ள வெளிய விட அரை மணிக்கு முன்னாடியே இருட்டிடும். காலைன்னா கேரண்டின்னும் சொல்ல முடியாது, சுமத்ரா பக்கத்துலேர்ந்து வர்ற காத்து மழை விடியறதுக்கு முன்னாடியோ காலையிலயோ ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போகும், அதனால மைஎன்வி ஆப்புல மின்னல் எச்சரிக்கைய பாத்துட்டு கெளம்புங்க. இடி கேட்டா பாலம், மலை உச்சி, தனி மரம் எதுலயும் நிக்காதீங்க, சுவர் வச்ச கட்டடத்துக்குள்ள போங்க, நாலு பக்கமும் தெறந்த கூடாரம் மழைக்குத்தான் ஆகும், மின்னலுக்கு ஆகாது.

தண்ணி, மணிக்கு அரை லிட்டர்னு கணக்கு வச்சிக்கங்க, ரெண்டு மணிக்கு மேல போனா உப்பும் வேணும், 100 பிளஸ் ஒரு பாட்டில் போதும், எங்க வீட்டுல உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் கலக்கி எடுத்துக்குவோம். காட்டன் டீஷர்ட் வேணாம், வேர்வைய குடிச்சிட்டு கல்லு மாதிரி கனக்கும், தொடை உரசுற எடத்துல வாசலின் தடவிக்கங்க, வெக்கப்படாதீங்க. கொசு மருந்தும் அதே மாதிரி, வெளிய கெளம்புறப்பவே போடணும், கடிச்சப்புறம் போட்டு என்ன பண்ண. தலை சுத்துது, குமட்டுது, கால் பிடிச்சிக்குதுன்னா அது வெயில் வேலை, நெழல்ல உக்காந்து, தண்ணி குடிச்சி, கழுத்துலயும் அக்குள்லயும் தண்ணி ஊத்துங்க. ஆளு பேச்சு கொழறுது, எங்க இருக்கோம்னே தெரியாம உளறுறாங்கன்னா யோசிக்காம 995, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ஒடம்ப நனைச்சிக்கிட்டே விசிறுங்க.

இப்ப மருமகன். போல்டரிங்கா, டாப் ரோப்பா.

போல்டரிங்னா கயிறு கெடையாது, நாலு நாலரை மீட்டர் சுவரு, கீழ தடியா மெத்தை, ஷூவும், கை வழுக்காம இருக்க கொஞ்சம் சாக்பீஸ் பவுடரும் இருந்தா போதும், துணைக்கு ஆளு வேணாம். டாப் ரோப்னா பத்து பதினஞ்சு மீட்டர் சுவரு, இடுப்புல ஹார்னஸ், கயிறு மேல ஒரு நங்கூரத்துல மாட்டி திரும்ப கீழ வந்து ஒருத்தர் கையில இருக்கும், நீங்க ஏற ஏற அவரு தொங்குற கயித்த இழுத்துக்கிட்டே வருவாரு, அதுக்குப் பேரு பிலே. பாக்குறவங்க எல்லாரும் நெனைக்கிறது, நாலு மீட்டர்தானே, போல்டரிங்தான் சேஃப், பதினஞ்சு மீட்டர் பயங்கரம்னு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, ஏறிப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சது தலைகீழ்னு. கயித்துல விழுந்தா ரெண்டு அடி சறுக்கி ஊஞ்சல் மாதிரி தொங்குவீங்க, அவ்ளோதான். போல்டரிங்ல ஒவ்வொரு விழுதலும் தரைக்கு. மெத்தைதான், ஆனா கோணலா கால் வச்சா கணுக்கால் பிசகும், பின்னாடி கைய ஊனுனா மணிக்கட்டு போகும்.

என் மொத நாள்ல உச்சிப் பிடி கைக்கு எட்டுனதும் சந்தோஷத்துல அப்படியே கைய விட்டுட்டேன், மெத்தையில நேரா நட்ட கால்ல எறங்கி முட்டி வந்து தாடையில இடிச்சது, நாக்க கடிச்சிக்கிட்டேன், ரெண்டு நாள் ரசஞ்சோறு. விழுறதுக்குன்னே ஒரு முறை இருக்கு, ரெண்டு பாதமும் சேந்து, முட்டி மடங்கி, அப்படியே முதுகுல உருண்டு, கைய நெஞ்சோட கட்டிக்கணும். மொத அரை மணி நேரம் ஏறவே வேணாம், பாதி ஒசரத்துலேர்ந்து விழுந்து விழுந்து பழகு. முடிஞ்ச வரைக்கும் பெரிய பிடியப் பிடிச்சி எறங்கியே வா, குதிக்காத. இன்னொருத்தர் ஏறுறப்ப அடியில நின்னு ஃபோன் பாக்காத, இதுதான் உனக்கு முக்கியமா சொல்றது.

டாப் ரோப்ல கஷ்டம் வேற. துணைக்கு ஒருத்தர் வேணும், அவருக்கு பிலே பண்ணத் தெரியணும், தெரியும்னு வாயால சொன்னா பத்தாது, இங்க ஜிம்ல எஸ்என்சிஎஸ்னு சொல்ற சிங்கப்பூர் கிளைம்பிங் தரச் சான்றோட லெவல் ஒன் மாதிரி ஒரு சர்ட்டிஃபிகேட்டோ அவங்க வைக்கிற பிலே டெஸ்ட்டோ பாஸ் பண்ணாதான் கயித்த தொட விடுவாங்க. கோர்ஸுக்கு போகணும், ஃபிகர் எயிட் முடிச்சு கத்துக்கணும், பாக்க எட்டு மாதிரியே இருக்கும், அதே தடத்துல கயித்த ரெண்டாவது தடவ திருப்பி ஓட்டணும், ரெண்டு கோடும் குறுக்க ஏறாம தண்டவாளம் மாதிரி பக்கத்துல பக்கத்துல ஓடணும். ஒவ்வொரு தடவையும் ஏறுறதுக்கு முன்னாடி நீ அவரோட பிலே கருவி, பூட்டு, பக்கிள பாக்கணும், அவரு உன் முடிச்ச தொட்டுப் பாக்கணும், நூறாவது தடவையா இருந்தாலும். இதுக்கு நடுவுல இன்னொரு வழி ஆட்டோ பிலே, சுவத்துக்கு மேல ஒரு மெஷின், நாடாவ நீ ஹார்னஸ்ல மாட்டிக்கிட்டா ஏறும்போது தானா சுருட்டிக்கும், கைய விட்டா மெதுவா எறக்கி விட்டுடும், ஆளே வேணாம். கல்லாங் வேவ் மால்ல இருக்குற க்ளைம்ப் சென்ட்ரல் மாதிரி ஒசர சுவரு இருக்குற எடத்துல போய் கேளு. ஒரே ஒரு ஆபத்து, மாட்ட மறக்குறது. ரொம்ப நாளா ஏறுறவங்கதான் பேசிக்கிட்டே மறந்துட்டு ஏறிடுறாங்க, உலகத்துல பல எடத்துல இப்படி விழுந்திருக்காங்க. மாட்டிட்டு ஒரு தடவ கீழேர்ந்தே இழுத்துப் பாத்துட்டுத்தான் கால தூக்கணும்.

செலவு ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ஒரு நாள் நுழைவுக்கு சுமாரா 20லேர்ந்து 30 வெள்ளி, ஷூ வாடகை தனி, ஹைக்கிங்னா எம்ஆர்டி காசோட போச்சு. வாடகை ஷூ காலு மாட்ட மாட்டாம இருக்கும், சின்ன சைஸ் குடுத்துட்டாங்கன்னு சண்டை போடாத, வெரல் நுனி சுவத்துல நிக்கணும்னா அப்படித்தான் இருக்கணும், வலிச்சா மட்டும் மாத்து, ஒரு மெல்லிசு சாக்ஸ் எடுத்துட்டுப் போ.

மருமகனுக்கு என் முடிவு போல்டரிங், அவன் தனியா போறவன், விழுந்தா எழுந்திரிக்கிற வயசு, வாரா வாரம் ஃபிரண்ட தேடிக்கிட்டு நிக்க முடியாது, சீக்கிரம் கை பலமும் வரும். ஆனா இன்னும் கொஞ்ச மாசத்துல என்எஸ், கணுக்கால் பிசகிட்டுப் போய் நிக்கக்கூடாது, அதனால மொத மாசம் ஆட்டோ பிலேயும் கலந்து போன்னு சொன்னேன், மூஞ்சிய சுளிச்சான். நாப்பது தாண்டினவங்க, முட்டியோ முதுகோ ஏற்கனவே முனகுறவங்க நேரா டாப் ரோப்புக்கு போங்க, புருஷன் பொண்டாட்டி சேந்து பிலே கோர்ஸ் போனவங்கள எனக்குத் தெரியும், ஒருத்தர் உசிரு இன்னொருத்தர் கையிலன்னு ஆனதும் சனிக்கெழம காலையில சண்டையே போடுறதில்லயாம்.

வெளிய நெஜப் பாறையில ஏறணும்னா இங்க அனுமதி இருக்குற ஒரே எடம் டெய்ரி ஃபார்ம் குவாரி, அங்க போக ஜிம்ல ஏறுனது மட்டும் பத்தாது, நங்கூரம் போடத் தெரிஞ்ச ஆளோட, ஹெல்மெட்டோட. அவசரமே இல்ல. நடக்குறவங்களுக்கு அடுத்த படி ஜோகூர், குளுவாங்ல குனோங் லம்பாக் 510 மீட்டர், அப்புறம் குனோங் பூலாய் 654, நல்லா பழகுனப்புறம் 1,276 மீட்டர் லேடாங், அதுக்கு பெர்மிட்டும் கைடும் வேணும். புக்கிட் தீமாவ மூச்சு வாங்காம மூணு தடவ ஏறி எறங்க முடியுதுன்னா லம்பாக் யோசிக்கலாம், அதுவரைக்கும் உங்க புளோக்கு மாடிப்படியே பெரிய மலைதான், பன்னெண்டு மாடி ஏறிட்டு லிஃப்ட்ல எறங்குங்க, முட்டியும் தப்பிக்கும். ஜோகூருக்குப் போற காஸ்வே பாலத்து க்யூவத்தான் எப்படி பழகுறதுன்னு எனக்குத் தெரியல.

அண்ணியோட நாள் குறிச்சாச்சு, வர்ற சனிக்கெழம காலையில ஏழு மணிக்கு ஹார்பர்ஃப்ரண்ட். நேத்து நைட்டு மெசேஜ் போட்டாங்க, புளிசாதமும் உருளைக்கெழங்கு பொரியலும் கட்டிக்கிட்டு வரேன், எங்க உக்காந்து சாப்பிடுறதுன்னு. ஹார்ட்பார்க்ல சாப்பிடலாம் அண்ணி, ஆனா டப்பாவுல எடுத்துட்டு வாங்க, பிளாஸ்டிக் பையில மட்டும் வேணாம்னு பதில் போட்டேன். பையன் வரானான்னு கேட்டேன். சாப்பாடு இருக்கான்னு கேட்டுட்டு வரேன்னு சொல்லிட்டானாம்.